காரில் படுத்த இரவிலிருந்து கையில் சாவி வரை: வீடிழந்த பெண் முன்னாள் படைவீரருக்கு ஒரு வழிகாட்டி

நான் அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருடம் சப்ளைப் பிரிவில் வேலை பார்த்தவள். என்னை எடுத்ததே தமிழ் தெரியும் என்பதற்காகத்தான். அப்போது மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. ராணுவத்துக்குத் தேவைப்பட்ட மொழி தெரிந்தவர்களை, கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்டு குடியுரிமை கொடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாக வந்த நம் பெண்கள் இன்று பல மாநிலங்களில் இருக்கிறார்கள். இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

படையை விட்டு வந்து சில வருடம் கழித்து, ஒரு பிப்ரவரி இரவில், ஆறு வயது மகளோடு காரின் பின் சீட்டில் படுத்தேன். அன்றிலிருந்து சொந்தச் சாவி கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதில் ஏறக்குறைய இரண்டு மாதம் முழுக்க வீண். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லித்தரவும் ஆள் இல்லை. உங்களுக்கு அந்த இரண்டு மாதமாவது மிஞ்சட்டும்.

நான் இருந்தது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம். கீழே சொல்லும் மத்திய அரசுத் திட்டங்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு. வாடகைச் சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரியதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. வீட்டில் அடி உதை என்றால் முதலில் இதைப் படியுங்கள்

உயிருக்கு ஆபத்து என்றால் 911. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 800-799-7233, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். மனம் உடைந்து, இனி இருந்து என்ன பயன் என்று தோன்றினால் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். அது முன்னாள் படைவீரர்களுக்கென்றே உள்ள இணைப்பு. பேச முடியாவிட்டால் 838255-க்கு மெசேஜ் அனுப்பலாம்.

ஃபோன் விஷயத்தில் கவனம். கணவரோடு ஒரே ஃபேமிலி பிளானில் இருந்தால் நீங்கள் அழைத்த எண்கள் பில்லில் தெரியலாம். லொகேஷன் ஷேரிங் ஓடிக்கொண்டிருக்கலாம். தோழியின் ஃபோனிலிருந்தோ நூலகத்திலிருந்தோ அழையுங்கள். வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) இணையக் கணக்கு, ஈமெயில், வங்கி மூன்றுக்கும் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். நான் ஈமெயிலை மாற்ற மறந்தேன். எனக்கு வந்த அப்பாயின்ட்மென்ட் மெயில்களை வேறொருவர் படித்துக்கொண்டிருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வி.ஏ. மருத்துவமனைகளில் துணைவர் வன்முறைக்கென்றே ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே அவரிடம் பேசலாம்.

2. முதல் அழைப்பு 877-424-3838

ஷெல்டர் ஷெல்டராக அலைவதற்கு முன் இந்த எண்ணை அழையுங்கள். வீடிழந்த முன்னாள் படைவீரர்களுக்காக வி.ஏ. நடத்தும் தேசிய அழைப்பு மையம். 24 மணி நேரமும் இலவசம். வீடு இன்னும் போகவில்லை, போகப்போகிறது என்றாலும் அழைக்கலாம். உங்களுக்காகத் தோழியும் அழைக்கலாம். உங்கள் பகுதி வி.ஏ. மருத்துவமனையில் வீடிழந்தோர் பிரிவில் இருப்பவரோடு இணைத்துவிடுவார்கள்.

பெண்களுக்கென்று தனியாக ஒரு எண் உண்டு: 855-829-6636. அதற்கு மெசேஜும் அனுப்பலாம். வீட்டுப் பிரச்சினையோடு மகப்பேறு, மனநலம், குழந்தை என்று பல சிக்கல் சேர்ந்திருந்தால் அங்கே பொறுமையாகக் கேட்பார்கள்.

ஃபோனை வைக்கும் முன் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளூரில் என்னைக் கூப்பிடப்போவது யார், அவருடைய நேரடி எண் என்ன, எந்த நாளுக்குள் கூப்பிடுவார். அந்த நாள் கடந்தால் காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய் வீடிழந்தோர் பிரிவு எங்கே என்று கேட்டு உட்காருங்கள். பெண் முன்னாள் படைவீரர்களுக்கான திட்ட மேலாளர் ஒருவர் ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் உண்டு. வீடிழந்தோர் பிரிவு இழுத்தடித்தால் அவரைப் பாருங்கள். எனக்குக் கதவு திறந்தது அப்படித்தான்.

அதே நாளில் உள்ளூர்ச் சமூக உதவி எண்ணான 211-ஐயும் அழையுங்கள். கவுண்டியில் வீடிழந்த முன்னாள் படைவீரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் என்றால், பல அமைப்புகள் பார்க்கும் பொது டேட்டாபேஸில் என் பெயரைப் போடாதீர்கள் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொன்னதற்காக உதவியை மறுக்கக் கூடாது.

3. "தோழி வீட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

என் இரண்டு மாதம் போன இடம் இதுதான்.

காரில் மூன்று இரவு கழித்தபின், கோயிலில் பழக்கமான ஒரு அக்கா, "பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படியா? வாம்மா வீட்டுக்கு" என்று கூட்டிப்போனார். அவர் வீட்டு ஹாலில் ஏழு வாரம் இருந்தோம். நம் ஆட்கள் யாரையும் தெருவில் விட மாட்டார்கள். அந்த நல்ல மனசே அரசாங்கப் படிவத்தில் நமக்கு எதிராகத் திரும்பியது. "இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "தோழி வீட்டில்" என்றேன். "வீடு இருக்கிறது" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

சட்டப்படி வீடிழந்தவர் என்பதற்கு மெக்கின்னி-வென்டோ சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. சுருக்கமாக, இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்த வேண்டும்.

தெருவில், காரில், பூங்காவில், ஷெல்டரில் இரவைக் கழிப்பவர். ஏதோ ஒரு அறக்கட்டளையோ அரசோ பணம் கட்டிய மோட்டலில் இருப்பவரும் இதில் சேர்த்தி.

இப்போது இருக்கும் இடத்தை 14 நாளுக்குள் இழக்கப்போகிறவர், அடுத்துப் போக இடமோ பணமோ ஆளோ இல்லாதவர். தோழி வீட்டு சோபாவும், நீங்களே பணம் கட்டும் மோட்டலும் இதில்தான் வரும்.

குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, பின்தொடர்தல் இவற்றிலிருந்து தப்பி ஓடிவந்து, பாதுகாப்பாகப் போக வேறு இடம் இல்லாதவர். உங்கள் பெயரிலேயே வீட்டு லீஸ் இருந்தாலும் இது பொருந்தும்.

ஆகவே எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள். "தோழி வீட்டு ஹாலில் படுக்கிறேன், லீஸில் என் பெயர் இல்லை, இந்தத் தேதிக்குள் கிளம்பியாக வேண்டும், அடுத்து போக இடமில்லை, வீட்டுக்குத் திரும்பினால் அடி" என்று, உண்மை எதுவோ அது அத்தனையும்.

தோழியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அவர் பெயர், முகவரி, நீங்கள் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறீர்கள், எந்தத் தேதிக்குமேல் இருக்க முடியாது, ஏன், அவர் கையெழுத்து, ஃபோன் எண். ஒரு பக்கம் போதும். என் அக்கா இதை எழுத இரண்டு நாள் அழுதார். "உன்னை வெளியே போகச் சொல்றேன்னு என் கையாலயே எழுதவா?" என்றார். உண்மையில் கோயம்புத்தூரிலிருந்து அவருடைய மாமனார் மாமியார் அந்த மாதக் கடைசியில் வரவிருந்தார்கள், இடம் இல்லை. அதைத்தான் எழுதினார். அந்தக் கடிதம் கொடுத்த வாரமே என் கேஸ் நகர்ந்தது. இல்லாததை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். மத்திய அரசுப் பணத்துக்கான ஆவணம் இது, பின்னால் உங்களுக்கும் தோழிக்கும் சிக்கலாகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தகுதி இருந்தாலும் பல ஊர்களில் தெருவிலும் ஷெல்டரிலும் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. குழந்தை, வன்முறை, உடல்நிலை எதையும் மறைக்காமல் சொல்வது வரிசையில் உங்கள் இடத்தை மாற்றும்.

4. டிடி-214: இது இல்லாமல் எதுவும் நகராது

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த தாள். வேண்டியது "மெம்பர்-4" என்று அடியில் அச்சிட்ட பிரதி. அதில்தான் 24-ஆம் கட்டத்தில் எந்த வகை டிஸ்சார்ஜ் என்றும், 28-ஆம் கட்டத்தில் காரணமும் இருக்கும். இவை இரண்டும் இல்லாத சுருக்கப் பிரதியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.

கைவசம் இல்லையென்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆளணிப் பதிவு மையத்தில் கேட்க வேண்டும். இணையத்தில் கேட்கலாம், அல்லது எஸ்.எஃப்.-180 படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். டிடி-214-க்குக் கட்டணம் கிடையாது. "விரைவாக எடுத்துத் தருகிறோம், 80 டாலர்" என்று இணையத்தில் விளம்பரம் வரும், ஒரு காசு கொடுக்காதீர்கள். வீடில்லை, தங்குமிடத்துக்குத் தேவை என்ற அவசரக் காரணத்தைக் கோரிக்கையில் தெளிவாக எழுதுங்கள். எனக்கு ஒன்பது நாளில் வந்தது. அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. படையில் இருந்ததை வி.ஏ. தன் கணினியிலேயே பார்க்க முடியும், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த முகவரிக்கு வரவழைப்பது? பழைய வீட்டு முகவரி வேண்டாம். தபால் நிலையத்தில் "ஜெனரல் டெலிவரி" என்ற வசதி இலவசம். உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை வழக்கமாக 30 நாள்வரை வைத்திருப்பார்கள், அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளலாம். வன்முறைக்குத் தப்பியவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் "சேஃப் அட் ஹோம்" என்று ஒரு திட்டம் இருக்கிறது, உண்மை முகவரிக்குப் பதிலாக அரசே ஒரு மாற்று முகவரி தரும். வேறு பல மாநிலங்களிலும் இதுபோல உண்டு.

டிஸ்சார்ஜ் "ஹானரபிள்" இல்லையே என்று பலர் அழைக்காமலே இருந்துவிடுகிறார்கள். அது தவறு. டிஸ்ஹானரபிள் என்பது வேறு, "அதர் தேன் ஹானரபிள்" என்பது வேறு. இரண்டாவது வகைக்காரர்களுக்கும் ஹட்-வாஷ் என்ற நீண்டகால வாடகை வவுச்சரும், டெபாசிட், சில மாத வாடகை போன்றவற்றுக்கான எஸ்.எஸ்.வி.எஃப். உதவியும் கிடைக்க வழி இருக்கிறது (இரண்டையும் 6-ஆம் பகுதியில் விளக்குகிறேன்). நாமாக முடிவு கட்டக் கூடாது.

நேஷனல் கார்டிலோ ரிசர்விலோ இருந்து பயிற்சிக்கு மட்டும் போனவர்கள் நிலை வேறு. பயிற்சி மட்டும் என்றால் பெரும்பாலும் கணக்கில் வராது. மத்திய அரசு உத்தரவில் ஆக்டிவ் டூட்டிக்குப் போயிருந்தால் அந்த உத்தரவுத் தாளைத் தேடி எடுங்கள்.

5. தற்காலிக இடம்: போகும் முன் கேட்க வேண்டியவை

வவுச்சர் வர வாரங்கள் ஆகும். அதுவரை எங்கே? மூன்று வகை இடம் உண்டு. வி.ஏ. பணம் கட்டி அமர்த்தும் அவசரத் தங்கல், சில வாரம் முதல் சில மாதம்வரை. அடுத்தது ஜி.பி.டி. என்று சொல்லும் இடைக்காலத் தங்கும் வீடு, 24 மாதம்வரை. அங்கே வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் கட்டணம் கேட்கலாம். மூன்றாவது, வி.ஏ.வுக்குத் தொடர்பில்லாத, முகவரி ரகசியமான பெண்கள் காப்பகம். அங்கே தங்கினாலும் நீங்கள் வீடிழந்தவர்தான், வவுச்சர் தகுதி போகாது.

இந்த இடங்களில் பல ஆண்களை மனதில் வைத்துத் தொடங்கியவை. 2011-இல் அமெரிக்க காங்கிரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஆய்வு செய்தபோது, பெண்களைச் சேர்க்கும் ஜி.பி.டி. வீடுகளில் 60 சதவீதத்துக்கு மேல் குழந்தைகளைச் சேர்க்காதவை. சேர்த்த இடங்களிலும் வயது, எண்ணிக்கை என்று கட்டுப்பாடு. பிறகு சட்டம் மாறி, குழந்தைகளுக்கான செலவையும் வி.ஏ. தரலாம் என்றானது. ஆனாலும் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு முதலில் காட்டிய இடத்தில் ஒரே நடைக்கூடத்தில் ஆண்கள் அறைகளும் பெண்கள் அறைகளும். எங்கள் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. குளியலறை நடைக்கூடத்தின் மறுமுனையில். படையில் எனக்கு நடந்த ஒன்றின் காரணமாக, தாழ்ப்பாள் இல்லாத அறையில் நான் தூங்குவதில்லை. மகளைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் காரணத்தைச் சொல்லி வேறு இடம் கேட்டேன்.

ஃபோனிலேயே இவற்றைக் கேளுங்கள்:

- பெண்களுக்கு மட்டுமா, கலந்தா? கலந்தது என்றால் தனி மாடியா, தனி வாசலா?
- அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா? மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்?
- குளியலறை எங்கே, அதற்குப் பூட்டு உண்டா?
- இரவில் பொறுப்பில் இருப்பவர் பெண்ணா?
- குழந்தைகளைச் சேர்ப்பீர்களா, எத்தனை பேர், எந்த வயதுவரை? ஆண் குழந்தைக்கு வயது வரம்பு உண்டா? வளர்ந்த பையனைச் சேர்க்காத பெண்கள் இல்லங்கள் இருக்கின்றன.
- பள்ளி, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்? இரவு நிறுத்தத்திலிருந்து வாசல்வரை வெளிச்சம் உண்டா?
- எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? இரவு ஷிஃப்ட் வேலைக்கு விலக்கு உண்டா?

இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாய்ப்பேச்சாக விடாதீர்கள். "அறைக்குப் பூட்டு இல்லை, ஆண்களோடு ஒரே நடைக்கூடம், எனவே ஏற்க முடியவில்லை, வேறு இடம் தேவை" என்று கேஸ் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "உதவியை மறுத்தார்" என்று ஃபைலில் ஏறிவிடும். அந்த ஒரு வரியை எடுக்க நான் பட்ட பாடு பெரியது.

படையில் பாலியல் வன்முறையோ தொல்லையோ நடந்திருந்தால், அதற்கென்றே எம்.எஸ்.டி. (படையில் நடந்த பாலியல் கொடுமை) ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் இருக்கிறார். அது தொடர்பான சிகிச்சை இலவசம். அப்போது புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை, ஆதாரம் கேட்க மாட்டார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம். எந்த மாதிரித் தங்குமிடம் உங்களுக்கு ஏற்றது என்று அவர் எழுதித் தரும் குறிப்புக்கு மதிப்பு அதிகம். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முதன்முதலாகச் சொன்னது அந்த அறையில்தான். நாலே நாளில் அம்மா-குழந்தைகள் மட்டும் இருக்கும் வீட்டில் இடம் வந்தது.

6. எஸ்.எஸ்.வி.எஃப்.பும் ஹட்-வாஷும்: இரண்டும் வேறு

எஸ்.எஸ்.வி.எஃப். என்பது வி.ஏ. நிதியில் உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் நடத்துவது. டெபாசிட், சில மாத வாடகை, வாடகை பாக்கி, கரண்ட் பில், சாமான் ஏற்றும் செலவு போன்றவற்றை நேரே வீட்டுக்காரருக்கோ கம்பெனிக்கோ கட்டுவார்கள், உங்கள் கையில் தர மாட்டார்கள். வீடு போகும் முன்பே கேட்கலாம். இத்தனை வருடம் படையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வருமான வரம்பு உண்டு, ஊரைப் பொறுத்து மாறும்.

ஹட்-வாஷ் நீண்டகால வாடகை வவுச்சர். ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறையின் வவுச்சரும் வி.ஏ.வின் கேஸ் மேனேஜரும் சேர்ந்து வருவது. பொதுவாக உங்கள் கழிவுகள் போன மாத வருமானத்தில் சுமார் 30 சதவீதம் நீங்கள், மீதி அவர்கள். அந்த வருமானம் 1,800 டாலர், வீட்டு வாடகை 2,400 என்று வையுங்கள். நீங்கள் 540 கட்டுவீர்கள், மீதி 1,860-ஐ உள்ளூர் வீட்டுவசதி ஏஜென்சி கட்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: ஏஜென்சிக்கு நேரே போய் விண்ணப்பம் கேட்பது. அங்கே பொது வரிசையில் பெயர் எழுதி வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். ஹட்-வாஷுக்குள் நுழைவது வி.ஏ. வழியாக. வி.ஏ. பரிந்துரை அனுப்பினால்தான் ஏஜென்சி உங்கள் ஃபைலைத் திறக்கும்.

இன்னொன்று: ஊனமுற்றோர் இழப்பீடு வாங்குகிறேன், வருமானம் அதிகம் என்று நினைத்து விலகுவது. 2024-இல் விதி மாறியது. தகுதி பார்க்கும்போது படைப்பணியால் வந்த ஊனத்துக்கான வி.ஏ. இழப்பீட்டைச் சேர்க்க மாட்டார்கள், வரம்பும் அந்தப் பகுதி இடைநிலை வருமானத்தில் 80 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் நீங்கள் கட்டும் பங்கைக் கணக்கிடும்போது அது சேரும். இந்த வித்தியாசம் தெரியாத ஊழியர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய குற்ற வழக்கு இருந்தாலும் ஏஜென்சி அதைக் காட்டி வவுச்சரை மறுக்க முடியாது. வாழ்நாள் பாலியல் குற்றவாளிப் பதிவு மட்டும் விதிவிலக்கு. இரண்டு திட்டத்தையும் ஒன்றாகவும் வாங்கலாம்: மாத வாடகைக்கு வவுச்சர், டெபாசிட்டுக்கு எஸ்.எஸ்.வி.எஃப். எனக்கு அப்படித்தான்.

7. ஒரே ஃபைலில் வைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பி வையுங்கள். காரிலிருந்து பை திருட்டுப் போனால் எல்லாம் போய்விடும்.

டிடி-214. வி.ஏ. மருத்துவத்துக்கான 10-10 ஈஸி படிவத்தின் நகல். அடையாள அட்டை. மகள் மகனின் பிறப்புச் சான்றும் சோஷியல் செக்யூரிட்டி எண்களும். சம்பளச் சீட்டு அல்லது இழப்பீட்டுக் கடிதம். வங்கி ஸ்டேட்மென்ட். குழந்தை உங்களோடுதான் இருக்கிறது என்பதற்கு கஸ்டடி உத்தரவோ பள்ளிக் கடிதமோ. இது இல்லையென்றால் ஒரு படுக்கையறை வவுச்சரோடு நிற்க நேரும்.

உங்கள் சோஷியல் செக்யூரிட்டி அட்டை தொலைந்திருந்தால் பதற வேண்டாம். ஹட்-வாஷில் டிடி-214-ஐயோ, வி.ஏ. சரிபார்த்த 10-10 ஈஸியையோ அந்த எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் சான்றாக ஏஜென்சி ஏற்க வேண்டும் என்பது விதி. கவுன்டரில் மறுத்தால் "ஹட்-வாஷ் விதி" என்று சொல்லி மேற்பார்வையாளரைக் கேளுங்கள். புது அட்டையும் இலவசம்தான், ஆனால் அதற்காக இரண்டு வாரம் நிற்க வேண்டாம்.

நம்மைப்போலக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு: குடியுரிமைச் சான்றிதழ் விட்டுவந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் மாற்றுப் பிரதிக்கு 500 டாலருக்கு மேல் ஆகும். அமெரிக்க பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதுவே போதும், அந்தச் செலவுக்குள் போகாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

8. வவுச்சர் வந்தபின்: 120 நாள்

எனக்குக் கேஸ் நகரத் தொடங்கியதிலிருந்து வவுச்சர் வர ஐந்து வாரம். வீடு தேட குறைந்தது 120 நாள் தர வேண்டும். நிறைய நாள் என்று தோன்றும், ஆனால் கரைந்துவிடும். எனக்குச் சாவி கிடைத்தது 63-ஆம் நாள். பதினேழு வீடு பார்த்தேன். முடியாத நிலை வந்தால் காலாவதிக்கு முன்பே எழுத்தில் நீட்டிப்பு கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கையைக் கடிக்கும். நான் முதல் வாரத்தில் ஐந்து இடத்துக்குக் கட்டி 200 டாலருக்கு மேல் விட்டேன். "வவுச்சர் எடுப்பீர்களா, கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு வேண்டும், வீடு இப்போது காலியா" என்று கேட்டபின் மட்டும் கட்டுங்கள். கேஸ் மேனேஜரிடம் ஹட்-வாஷ் ஆட்களுக்கு ஏற்கெனவே வீடு கொடுத்த உரிமையாளர்களின் பட்டியல் கேளுங்கள். என் வீடு அதிலிருந்துதான் கிடைத்தது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. வவுச்சர் என்பதற்காக மறுப்பது 2020 முதல் சட்டவிரோதம். "வாடகையைப்போல மூன்று மடங்கு வருமானம்" என்று கேட்டால், மூன்று மடங்கு பார்க்க வேண்டியது உங்கள் பங்குக்கு மட்டும். மேலே சொன்ன கணக்கில் 540-க்கு 1,620, அவ்வளவுதான். 2024 முதல், வவுச்சர் உள்ளவர் கிரெடிட் ரிப்போர்ட்டுக்குப் பதிலாகப் பங்கைக் கட்ட முடியும் என்பதற்கு வேறு சான்று தரலாம், வீட்டுக்காரர் அதைப் பார்க்க வேண்டும். டெபாசிட்டும் 2024 ஜூலை முதல் பெரும்பாலும் ஒரு மாத வாடகைக்குமேல் கேட்கக் கூடாது. மற்ற மாநிலத்தவர் உங்கள் ஊர் இலவசச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை போங்கள். தரைத்தள ஜன்னல் பூட்டு, கார் நிறுத்துமிடத்து வெளிச்சம், சலவை இயந்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சலவை அறை கட்டடத்தின் பின்புறம் தனியாக இருந்த ஒரு வீட்டை அதற்காகவே விட்டேன்.

9. கையெழுத்துக்கு முன்

வீடு பிடித்ததும் வீட்டுக்காரரிடம் ஒரு ஒப்புதல் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி வாங்கி ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாடகை நியாயமா என்று பார்த்து, வீட்டை நேரில் வந்து பரிசோதிப்பார்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம்.

அந்த ஒப்புதலுக்கு முன் குடிபோகாதீர்கள். முந்தைய நாட்களுக்கு ஏஜென்சி வாடகை தராது, முழு வாடகையும் உங்கள் தலையில். "லீஸில் உள்ளதற்குமேல் மாதம் 150 கையில் கொடுங்கள்" என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுத்துவிட்டு கேஸ் மேனேஜரிடம் சொல்லுங்கள். அப்படிக் கொடுப்பது விதிமீறல், வவுச்சரே போகலாம். வாடகை ஏஜென்சியின் வரம்பைத் தாண்டும் வீடென்றால், தொடக்கத்தில் உங்கள் பங்கு கழிவுகள் போன வருமானத்தில் 40 சதவீதத்தை மீறக் கூடாது. மீறினால் அந்த வீட்டுக்கு ஒப்புதல் வராது.

குடும்ப வன்முறையைக் காரணம் காட்டி இந்த வீட்டிலிருந்து உங்களை வெளியேற்ற முடியாது. முன்னாள் துணைவர் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டால் அவசர இடமாற்றம் கேட்கலாம். வன்முறைக்குச் சான்றாக ஹட்-5382 என்ற ஒரு படிவத்தில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் பெரும்பாலும் போதும்.

10. இதற்கிடையில் இழப்பீட்டுக்கும் எழுதிப் போடுங்கள்

படைப்பணியில் வந்த முதுகுவலி, மனக்காயம் எதுவானாலும் "விண்ணப்பிக்கப்போகிறேன்" என்ற அறிவிப்பை முதல் வாரமே கொடுங்கள். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு உங்களுக்காக நிற்கும், பின்னால் பணம் அந்தத் தேதியிலிருந்து கணக்காகலாம். வீடிழந்தவர் என்றால் முன்னுரிமை கேட்க 20-10207 என்ற படிவம் உண்டு. கவுண்டி வெட்டரன் சர்வீஸ் ஆபீசரும், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற ஆட்களும் இலவசமாக நிரப்பித் தருவார்கள்.

11. குடிபோனபின்

ஏஜென்சி அவ்வப்போது வருமானத்தையும் வீட்டில் இருப்பவர்களையும் மறுபரிசீலனை செய்யும். கடிதம் வந்த வாரமே பதில் போடுங்கள், சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிவியுங்கள். குறைந்ததைச் சொல்லாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

நம் வீடுகளில் அடுத்து நடப்பது, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வருவது. விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்று லீஸிலும் ஏஜென்சி விதியிலும் இருக்கும். டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொல்லாமல் தங்க வைத்தால் அனுமதியில்லாத ஆள் என்று வவுச்சருக்கே ஆபத்து. என் அம்மாவுக்கு முதலில் 14 நாள்தான் என்றார்கள். மகள் பள்ளிவிட்டு வரும்போது நான் வேலையில் இருக்கிறேன் என்பதற்கு மேனேஜரின் கடிதத்தோடு கேட்டேன், கூடுதல் நாட்களுக்கு அனுமதி வந்தது. அதற்குப் பிறகுதான் மதுரையில் டிக்கெட் எடுத்தார்கள்.